அடைக்கலமும் பள்ளிக்கூடமும்

எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டோருக்கு இறைவாக்கினர் எரேமியா ஒரு மடல் எழுதினார். அவருடைய நூலின் 29ஆம் அதிகாரத்தில் அம்மடல் இடம்பெற்றுள்ளது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்னும் மற்றொருவர் தோன்றுகிறார். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று அவர் மக்களுக்கு இனிக்க இனிக்கச் சொன்னார். எரேமியா அவ்வாறு சொல்லவில்லை. கட்டிய மூட்டையை அவிழ்க்காமல் காத்திருக்க வேண்டாம் என்பதே அவருடைய மடலின் சாரம். வீடு கட்டுமாறும் தோட்டம் இட்டு அதன் பயனை உண்ணுமாறும் பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைக்குமாறும் அவர் எழுதினார். அதற்கும் ஒரு படி மேலே சென்று, தங்களைச் சிறைப்படுத்திக் கொண்டுசென்ற அதே நகரின் நல்வாழ்வுக்காக உழைக்கவும் மன்றாடவும் வேண்டும் என்றார். அந்த நகர் நலமுற்றால்தான் அவர்களும் நலமுறுவர் என்பது அவர் காட்டிய காரணம்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இம்மடல் பழங்கதையன்று. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர் நம் இல்லங்களிலிருந்து புறப்பட்டவர்கள் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் நோர்வேயிலும் பிரித்தானியாவிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். கடல் கடக்காமலே அகதியானவர்களும் நம்மிடையே உள்ளனர். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவகத்திலிருந்தும் வெளியேறியவர்கள், 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு மழையில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த இலட்சக்கணக்கானோர் என அப்பட்டியல் நீளும். இவர்கள் எங்கே சென்றாலும் முதலில் தேடியவற்றுள் ஒன்று ஆலயம். தங்க ஒரு கூரை, உண்ண ஒரு பிடி சோறு, அதன்பின் ஞாயிறு திருப்பலி என்பதே நம்மவர் வழக்கம்.

அவ்வாறு தேடிக் கண்டடைந்த ஆலயச் சமூகம் அவர்களை எத்தகைய குடிமக்களாக ஆக்கியது? சென்று சேர்ந்த ஊரின் பொதுவாழ்வில் பங்கெடுக்கும்படி அவர்களைத் தூண்டியதா, அல்லது சுற்றிலும் வேலியிட்டு உள்ளேயே இருத்திவிட்டதா? இவ்வாரம் நாம் சிந்திக்க விழைவது இதனையே.

தாய்மொழியில் ஒரு கூரை

புலம்பெயர்ந்தோருக்குத் தாய்மொழியிலேயே ஆன்மீகப் பணி கிடைக்க வேண்டும் என்பதனைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952ஆம் ஆண்டிலேயே திருச்சபையின் ஒழுங்காக வகுத்தார். இரண்டாம் உலகப் போரினால் வீடிழந்து அலைந்த கோடிக்கணக்கானோர் அப்போது அவருடைய கண்முன் இருந்தனர். ஆயினும் அந்த ஒழுங்கின் பயனை நம் மக்கள் பிற்காலத்தில் நிறைவாகவே பெற்றனர். ஐரோப்பிய நாடுகளில் தமிழ் ஆன்மீகப் பணியகங்கள் உருவாயின. கனடாவின் ரொறன்ரோ நகரில் ஆரோக்கிய அன்னையின் பெயரால் தமிழ்ப் பங்கொன்று அமைந்தது. இதற்கு முன்னோடியும் உண்டு. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுப்பப்பட்ட லூர்து அன்னை ஆலயம் 1888இல் நிறைவுற்றது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள் அந்தக் காலத்திலேயே தங்களுடைய மொழியில் செபிக்க ஓரிடம் வேண்டி நின்றார்கள்.

இந்தக் கூரையின் அருமையை யாரும் குறைத்து எண்ணலாகாது. புரியாத மொழியில் விண்ணப்பப் படிவங்களை நிரப்பி, புரியாத மொழியில் வேலைக் கட்டளைகளைக் கேட்டு, வாரமெல்லாம் வாயடைத்து நின்ற ஒருவர், ஞாயிறன்று தம் மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். தம் மொழியில் பாடுகிறார். அவ்வேளை அவர் மீண்டும் முழு மனிதர் ஆகிறார். ஜேர்மனியின் கேவலார் என்னும் சிற்றூரில் துன்புறுவோரின் ஆறுதல் அன்னைக்கு ஒரு திருத்தலம் உண்டு. அதன் வரலாறு 1642இல் தொடங்குகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் அங்கே தமிழர் ஆயிரமாயிரமாய்க் கூடுகின்றனர். அவர்களுள் இந்துக்களும் பெருந்தொகையினர். மடுத் திருவிழாவில் சமய வேறுபாடின்றிக் கூடிய நம் வழக்கம் ரைன் நதிப் பிரதேசத்திலும் தொடர்கிறது.

எனினும் இத்தகைய விழா தானாக நடந்துவிடுவதில்லை. திருத்தலத்தாருடன் முன்கூட்டியே பேச வேண்டும். வாகனங்களுக்கு இடம் ஒழுங்கு செய்ய வேண்டும். முதலுதவி, குடிநீர், உணவு, தூய்மை ஆகியவற்றுக்கு ஆட்களை நியமிக்க வேண்டும். வரவுசெலவு எழுத வேண்டும். உள்ளூர் அதிகாரிகளுக்கு அவர்களுடைய மொழியில் கடிதம் வரைய வேண்டும். அந்த வேலைகளைச் செய்து முடித்தவர்கள், தாம் அறியாமலே அந்நாட்டுப் பொதுவாழ்வின் அரிச்சுவடியைக் கற்றுக்கொள்கிறார்கள். அடைக்கலமாக இருந்த ஆலயம் அப்போது பள்ளிக்கூடமும் ஆகிறது.

கற்பிப்பது மறையுரை மட்டுமன்று

இதனை ஆராய்ந்து சொன்னவர்கள் உண்டு. அமெரிக்க அரசியலறிஞர்களான சிட்னி வேர்பா, கே லேமன் ஷ்லோஸ்மன், ஹென்றி பிரேடி ஆகிய மூவரும் 1995இல் ஒரு பெரிய ஆய்வு நூலை வெளியிட்டனர். மக்கள் சிலர் பொதுவாழ்வில் ஈடுபடுவதும் பலர் ஒதுங்கியிருப்பதும் ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. கூட்டமொன்றை ஒழுங்கு செய்தல், அதில் எழுந்து பேசுதல், கடிதம் எழுதுதல் போன்ற எளிய திறன்களே ஒருவரைப் பொதுவாழ்வுக்கு இட்டுச்செல்கின்றன என அவர்கள் கண்டனர். படிப்பும் நல்ல உத்தியோகமும் உடையவர்கள் இத்திறன்களைத் தம் தொழிலிடத்திலேயே பெற்றுவிடுகின்றனர். அவை இல்லாத எளியவருக்கு இத்திறன்களைக் கற்றுத்தரும் இடமாகப் பெரும்பாலும் ஆலயமே அமைகிறது. சமையலறையில் பாத்திரம் கழுவும் ஒருவர், ஆலயக் குழுவொன்றின் செயலாளராகக் கூட்டறிக்கை எழுதுகிறார். வீடு துப்புரவு செய்யும் ஒரு பெண், மறைக்கல்வி ஆசிரியையாக முப்பது பிள்ளைகளை வழிநடத்துகிறார். வெளியுலகம் அவர்களிடம் ஒப்படைக்காத பொறுப்பை ஆலயம் ஒப்படைக்கிறது.

அதே ஆய்வு நம்மைச் சற்றே நாணச் செய்யும் மற்றொன்றையும் கூறிற்று. புரட்டஸ்தாந்து சபைகளைச் சேர்ந்தவர்களோடு ஒப்பிடுகையில், கத்தோலிக்கருக்கு இந்தப் பயிற்சி குறைவாகவே கிடைத்தது. நம் பங்குகள் பெரியவை. பொறுப்புகளோ குருவானவரைச் சுற்றியே குவிந்தவை. பொதுநிலையினர் செய்வதற்கு எஞ்சியது கொஞ்சம். பின்வந்த ஆய்வாளர் சிலர், வாக்களிப்பதில் கத்தோலிக்கர் பின்தங்கியவர் அல்லர் என்றும், ஒழுங்காக ஆலயம் செல்வதே பொதுப்பணிக்குத் தூண்டுகோலாகிறது என்றும் எடுத்துக்காட்டினர். ஆகவே முடிவான தீர்ப்பு எதுவும் இங்கில்லை. ஆயினும் அந்த ஆய்வின் அடிப்படை உண்மையை மறுத்தல் இயலாது. ஆலயம் குடிமக்களை உருவாக்குவது மறையுரையினால் மட்டுமன்று; அது தன் மக்களின் கையில் எந்த வேலையை நம்பிக் கொடுக்கிறது என்பதனாலேயே ஆகும்.

திருத்தூதர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். எருசலேமின் தொடக்கத் திருச்சபையில் கிரேக்க மொழி பேசுவோர் ஒரு பிரிவினராக இருந்தனர். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்து, எருசலேமில் வந்து குடியேறிய யூதர் அவர்களுள் பலர். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்களுடைய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என அவர்கள் முறையிட்டனர். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரம் இதனை மறைக்காமல் எழுதிவைத்துள்ளது. திருத்தூதர்கள் முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவில்லை. தாங்களே பங்கிட்டுக் கொடுப்பதாகவும் வாக்களிக்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்று மக்களிடமே பொறுப்பை விட்டனர். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். அவர்களுள் நிக்கொலா என்பவர் அந்தியோக்கியாவிலிருந்து வந்து யூத மறையைத் தழுவியவர். குறை சொன்ன வந்தேறிகளிடமே பங்கீட்டுப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அந்த எழுவரில் ஒருவர்தான் பின்னர் முதல் மறைச்சாட்சியான ஸ்தேவான். இன்னொருவரான பிலிப்பு சமாரியாவுக்கு நற்செய்தியைக் கொண்டுசென்றார். உணவு பரிமாறும் பந்தியில் தொடங்கிய பணி நகரெல்லைக்கு அப்பாலும் சென்றது.

வாக்குச் சீட்டுக்கு முன் ஒரு வாக்கு

புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவருக்குக் கிடைத்த வாய்ப்புகளை இந்த ஒளியில் பார்ப்பது பயன் தரும். ஒரு நாட்டின் குடியுரிமை கைக்கு வர நெடுங்காலம் செல்லும். சுவிற்சர்லாந்தில் அதற்குப் பத்தாண்டு வதிவு வேண்டும். 2018க்கு முன்னர் பன்னிரண்டு ஆண்டுகள். அதுவரை அங்குள்ள அந்நியருக்குத் தேசியத் தேர்தலில் வாக்கில்லை. ஆயினும் அந்நாட்டின் பல மாநிலங்களில், கத்தோலிக்கப் பங்கு மன்றக் கூட்டங்களில் வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம். திருச்சபை வரிப்பணத்தை எவ்வாறு செலவிடுவது, யாரைப் பொறுப்பில் அமர்த்துவது என்பவற்றை அங்கே கை உயர்த்தித் தீர்மானிக்கிறார்கள். ஜேர்மனியிலும் பங்குப் பேரவைத் தேர்தலில் வாக்களிக்க அந்நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. திருமுழுக்குப் பெற்றவராய், உரிய வயதினராய் இருத்தல் போதும். நாடு தன் வாசலைத் திறப்பதற்கு முன்னரே திருச்சபை தன் வாசலைத் திறந்து வைத்தது எனலாம்.

நாட்டுச் சட்டமே இடமளித்திருந்தும் நம்மவர் சிலர் அறியாதிருக்கும் உரிமைகளும் உண்டு. நோர்வேயில் மூன்றாண்டு வதிந்த வெளிநாட்டவர் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1983 முதல் இருந்து வருகிறது. பிரித்தானியாவில் சட்டபூர்வமாக வதியும் பொதுநலவாய நாட்டவர், இலங்கையர் உட்பட, பிரித்தானியக் குடியுரிமை பெறாமலே வாக்காளராகப் பதிந்து நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். கனடாவில் குடியுரிமை பெற்றவருக்கே அவ்வுரிமை உண்டு. இத்தகைய செய்தி திருப்பலி முடிவில் ஓர் அறிவித்தலாகச் சொல்லப்படுமானால் எத்தனை குடும்பங்கள் விழிப்படையும்! எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்று சொல்வது பீடத்தின் வேலையன்று. வாக்களிப்பது உரிமையும் கடமையுமாகும் என நினைவூட்டுவது அதன் வேலையே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றி 1965இல் வெளியிட்ட கொள்கைத்திரட்டின் 75ஆம் இலக்கத்தில் இதனையே வலியுறுத்தியது.

நம் மண்ணின் சான்றுகள்

இவையெல்லாம் மேலை நாட்டுக் காரியங்கள் என்று ஒதுக்குவோர் நம் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டது, குருக்கள் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவாவிலிருந்து ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்திறங்கிய யோசேவ் வாஸ் அடிகளார் சில்லாலையில் மறைந்திருந்து பணி புரிந்தார். அவரும் இம்மண்ணுக்கு வந்த அந்நியரே. சிதறிக்கிடந்த மந்தையை அவர் எவ்வாறு காத்தார்? ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்தினார். குரு இல்லாத நாள்களில் செபம் நடத்தவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டவும், நோயாளரைச் சந்திக்கவும், வறியோரைக் கவனிக்கவும் அவர்களிடம் பொறுப்புக் கொடுத்தார். 1806இல் பிரித்தானியர் அத்தடைகளை நீக்கும் வரை நம் முன்னோரின் விசுவாசம் நிலைத்ததற்குப் பொதுநிலையினர் தோளில் சுமந்த அந்தப் பொறுப்பும் ஒரு காரணம். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது மகிழ்ந்த நாம், அவர் மக்களை நம்பிய விதத்தையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. குடாநாட்டுக்கு வெளியே, நம் மறைமாவட்டத்துக்கு உள்ளே, பூநகரிக் கடற்பரப்பில் இரணைதீவு இருக்கிறது. அங்கு வாழ்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் போரினால் 1992இல் இடம்பெயர்ந்து, பெருநிலப்பரப்பில் இரணைமாதா நகரில் குடியேறின. தீவு கடற்படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. போர் முடிந்து ஆண்டுகள் பல சென்றும் மீளக்குடியேறும் அனுமதி கிட்டவில்லை. அம்மக்கள் 2017 மே 1ஆம் நாள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். மனுக்கள் எழுதினர், அதிகாரிகளைச் சந்தித்தனர், காணிக்கான சான்றுகளைக் காட்டினர், நாள்தோறும் கூடி அமர்ந்தனர். பெண்கள் முன்வரிசையில் நின்றனர். ஏறத்தாழ ஓராண்டு கடந்தும் பதில் வராத நிலையில், 2018 ஏப்ரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடிகள் கட்டிய படகுகளில் குருக்களும் உடன்வரத் தம் தீவை நோக்கிச் சென்றனர். கரையேறியதும் சிதைந்து கிடந்த தங்கள் ஆலயத்தில் செபித்தனர். பின்பு அங்கேயே தங்கிவிட்டனர். அடுத்த மாதத்தில் அரசு அவர்களுடைய மீள்குடியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. இருபத்தாறு ஆண்டு அகதி வாழ்விலும் ஒரே பங்குச் சமூகமாய்க் கூடியிருந்த மக்கள் அவர்கள். கூடி முடிவெடுக்கவும் முறை வைத்து உழைக்கவும் ஒருவருக்கொருவர் பொறுப்புக் கூறவும் அந்த வாழ்வு அவர்களைப் பழக்கியிருந்தது. ஒரு கல்லும் எறியப்படாமல் அவர்கள் கரை சேர்ந்ததற்கு இந்தப் பழக்கம் துணைநின்றது.

வலிகாமம் வடக்கின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலிப் பகுதி மக்கள் 1990 முதல் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் வாடகை வளவுகளிலும் காலந்தள்ளினர். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். இந்துக்களும் கத்தோலிக்கரும் ஒரே மனுவில் ஒன்றுபட்டனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. எல்லாக் காணியும் திரும்பிவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு மக்கள் பழகிக்கொண்டார்கள், அப்பழக்கம் வீண்போகவில்லை.

வேலி என்னும் சோதனை

இதுவரை நன்மையைப் பேசினோம். தீங்கையும் பேசுதல் நேர்மையாகும். தாய்மொழி ஆலயம் ஓர் இனிய அடைக்கலம் என்பதனாலேயே அதில் ஒரு சோதனையும் மறைந்திருக்கிறது. வெளியே குளிர், உள்ளே வெதுவெதுப்பு. ஆகவே உள்ளேயே இருந்துவிடலாம் என்று மனம் விரும்பும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்துவிடலாம். உள்ளூர்ப் பங்கில் கால் பதிக்காமல், பிள்ளைகளின் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்துக்கும் செல்லாமல், ஊர் ஒன்றுகூடலும் திருவிழாவுமே வாழ்வென இருந்துவிடலாம். அங்கே பிறந்த பிள்ளைகளோ அந்நாட்டு மொழியில் சிந்திக்கின்றனர். அவர்களுக்குப் பெற்றோரின் ஆலயம் ஒரு நினைவுச்சின்னமாகத் தோன்றுமேயன்றி வாழுமிடமாகத் தோன்றாது.

இன்னொரு சோதனையும் உண்டு. நாம் கடல் கடந்தபோது விசுவாசத்தை மட்டுமா கொண்டுசென்றோம்? ஊர்ப் பகையும் குலப்பெருமையும் சாதி வேற்றுமையும் அதே பெட்டியில் பயணம் செய்யவில்லையா? ஒரே பீடத்தில் நற்கருணை உட்கொண்டபின், மண்டபத்தில் வேறு வேறு மேசைகளில் அமரும் சமூகம், அந்நாட்டுக்குச் சமத்துவத்தைப் பற்றி எதனைச் சொல்லித்தர இயலும்? குடிமைப் பண்பின் முதல் பாடம், என்னைப் போலல்லாத ஒருவரும் என்னைப் போலவே எண்ணப்பட வேண்டியவர் என்பதாகும். அதனைப் பீடத்தருகில் கற்காதவர் நகரசபையில் கற்பது அரிது.

திருத்தந்தை பிரான்சிஸ் புலம்பெயர்ந்தோர் பற்றிப் பேசும்போது நான்கு கடமைகளை அடுக்கிக் கூறுவது வழக்கமாக இருந்தது: வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல். முதல் இரண்டையும் அடைக்கலம் நிறைவேற்றிவிடும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பள்ளிக்கூடம் வேண்டும். இரண்டையும் ஒருசேர நடத்தும் ஆலயமே முழுமையான ஆலயம்.

நமது கடன்

இனி, இங்கே இருக்கும் நம்மிடம் வருவோம். புலம்பெயர் நாட்டுப் பங்குகளைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். அங்கே அமர்ந்திருப்பவர்கள் நம் பங்குகளிலிருந்தே சென்றவர்கள். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னும் நம் இளையோர் புறப்பட்ட வண்ணமே உள்ளனர். அவர்களுடைய பயணப் பெட்டியில் நாம் மிளகாய்த்தூளும் செபமாலையும் வைத்து அனுப்புகிறோம். கூடவே எந்தப் பழக்கத்தை அனுப்புகிறோம்? தன் பங்கில் ஒரு கூட்டத்துக்கும் தலைமை தாங்கியிராத, ஒரு கணக்கையும் வாசித்துக் கேட்டிராத, ஒரு கேள்வியையும் எழுப்பத் துணிந்திராத இளைஞர், மறுநாட்டில் திடீரெனப் பொறுப்புள்ள குடிமகனாக எழுந்து நிற்பார் என எதிர்பார்ப்பது எவ்வாறு? புலம்பெயர்வோரின் குடிமைப் பள்ளியில் முதலாம் வகுப்பு இங்கேயே, நம் ஊர் ஆலயத்திலேயே நடைபெறுகிறது.

ஆகவே நம் பங்குகள் சிலவற்றைச் செய்யலாம். பங்கு அருட்பணிச் சபையின் கூட்டத்தில் இளையோர் ஒருவரும் பெண்கள் சிலரும் அமர்ந்து கேட்பது மட்டும் போதாது. அவர்கள் முறைவைத்துத் தலைமை தாங்கட்டும். திருவிழாக் கணக்கும், வெளிநாட்டிலிருந்து வந்த கட்டட நிதியின் கணக்கும் அறிவித்தல் பலகையில் ஒட்டப்படட்டும். கணக்குக் கேட்பது குருவை அவமதிப்பதாகாது. எழுவரைத் தெரிந்தெடுத்த திருத்தூதர்கள் அப்படி நினைக்கவில்லை. அன்பியக் கூட்டத்தில் நற்செய்திப் பகிர்வு முடிந்தபின் பத்து நிமிடம் ஊரின் காரியம் பேசப்படட்டும். வெள்ளம் வடியாத வாய்க்கால், எரியாத தெருவிளக்கு, பள்ளி செல்லாத பிள்ளை, போதைப்பொருளுக்கு இரையாகும் இளையோர் எனப் பேசுவதற்குக் குறைவில்லை. பேசியதைப் பிரதேச சபைக்கு ஒரு கடிதமாக எழுத அங்கேயே ஒருவர் நியமிக்கப்படட்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தக் குடிமகனுக்கும் அரச அலுவலகத்தில் தகவல் கேட்கும் உரிமையை வழங்கியுள்ளது. அந்த விண்ணப்பத்தை நிரப்புவதனை ஒரு ஞாயிறு மாலை நம் இளையோருக்குக் கற்பிக்கலாம்.

வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளதா என ஆண்டுதோறும் சரிபார்ப்பதும் இப்பணியைச் சேர்ந்ததே. இடம்பெயர்ந்தோர் தம் சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு 2013இல் ஒரு சிறப்புச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்பதனை எண்ணிப் பார்த்தால், ஓர் இடாப்பில் உள்ள பெயரின் அருமை புரியும். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கென 25 சதவீத ஒதுக்கீடு 2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து நடைமுறையில் இருந்து வருகிறது. அந்த ஆசனங்களில் அமர வேண்டிய திறமை, மரியாயின் சேனையிலும் வின்சென்ட் டி போல் சபையிலும் மறைக்கல்வி வகுப்பிலும் ஆண்டுக்கணக்காக உழைக்கும் நம் தாய்மாரிடமும் சகோதரிகளிடமும் இருக்கிறது. அவர்களை ஊர் அறியவில்லை. முதலில் பங்கு அறிந்து முன்னிறுத்தட்டும்.

இறுதியாக, நம்மிடம் வந்து சேர்ந்தோரை மறவாதிருப்போம். நம் பங்குகளுள் பலவற்றில் இடம்பெயர்ந்து வந்து நிலைத்துவிட்ட குடும்பங்கள் உண்டு. இருபது, முப்பது ஆண்டுகள் கடந்தும் சில இடங்களில் அவர்கள் அகதிகள் என்றே அழைக்கப்படுகின்றனர். திருவிழாவில் அவர்களுக்குக் கொடியேற்ற உபயம் இல்லை. சபையில் ஆசனம் இல்லை. பாரிசிலும் ரொறன்ரோவிலும் நம் பிள்ளைகளுக்கு எத்தகைய வரவேற்புக் கிடைக்க வேண்டும் என்று நாம் செபிக்கிறோமோ, அத்தகைய வரவேற்பை நம் ஆலய வாசலில் நிற்பவருக்கு நாம் கொடுத்துவிட்டோமா? செப்ரெம்பர் மாதத்தின் இறுதி ஞாயிறைப் புலம்பெயர்ந்தோர், அகதிகளுக்கான உலக நாளாகத் திருச்சபை அனுசரிக்கிறது. அந்த ஒரு நாளின் மன்றாட்டோடு இக்கடன் தீர்ந்துவிடாது.

எரேமியாவின் மடலைப் பெற்றவர்கள் அழுதபடியே அதனை வாசித்திருப்பார்கள். அவர்கள் கேட்க விரும்பிய செய்தி அதில் இல்லை. ஆயினும் அவர்கள் வீடு கட்டினார்கள், தோட்டம் இட்டார்கள், அந்நிய நகருக்காக மன்றாடினார்கள். எருசலேமை அவர்கள் மறக்கவில்லை; திரும்பிவந்து அதனைக் கட்டியெழுப்பியவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களே. இருக்கும் ஊரை நேசிக்கக் கற்றவரே பிறந்த ஊரையும் மெய்யாகக் கட்டியெழுப்ப வல்லவர். நாடுகள் எங்கும் சிதறி வாழும் நம் பிள்ளைகளையும், வாசலில் வந்து நிற்கும் அயலவரையும், இம்மண்ணில் வாழும் நம்மையும் ஒரே குடும்பமாகக் கூட்டிச் சேர்க்கும் ஆண்டவர், நம் ஆலயங்களை அடைக்கலமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆக்கியருள்வாராக.